வேலையை முடிக்கச் சொல்லித் தரும் படிப்பு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இப்போது ஒரு புதுப் பேச்சு கேட்கிறது.

"பையன் என்ஜினீயரிங் முடித்துவிட்டான். மேற்கொண்டு புராஜக்ட் மேனேஜ்மென்ட் படிக்க வேண்டும் என்கிறான். அது என்ன படிப்பு? அதை நம்பி நிலத்தை அடகு வைக்கலாமா?"

டீக்கடையிலும் தறிக்கூடத்திலும் தகப்பன்மார்கள் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

டாக்டர் என்றால் தெரியும். வக்கீல் என்றால் தெரியும். வாத்தியார் என்றால் தெரியும். "திட்ட நிர்வாகம்" என்றால் என்ன? அதில் எம்.இ., எம்.பி.ஏ. என்று பட்டம் வாங்கினால் சோறு கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரமும் வந்திருக்கிறது. தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதன்படி என்ஜினீயரிங் சேர்ந்த முதல் அணி 2025-ல் படிப்பை முடித்தது. வானம் பார்த்த பூமியில், மல்லியும் மிளகாயும் பருத்தியும் போட்டுப் பிழைக்கும் வீடுகளில், "அடுத்து என்ன?" என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

அந்த வீடுகளுக்காகவே இதை எழுதுகிறோம்.

கண்மாய்க் கணக்கு

திட்ட நிர்வாகம் என்றால் என்ன?

ஒரு வேலைக்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. இவ்வளவு பணத்தில், இத்தனை நாளில், இந்தத் தரத்தில் அதை முடிக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்குத் "திட்டம்" என்று பெயர். அதைச் சொன்னபடி முடித்துக் கொடுக்கும் வித்தைதான் திட்ட நிர்வாகம்.

மில்லில் தினமும் நூல் நூற்பது திட்டம் ஆகாது. அது நாள்தோறும் நடக்கும் தொழில். அந்த மில்லைக் கட்டுவது திட்டம்.

நம் ஊர்க் கண்மாயையே எடுத்துக்கொள்வோம்.

ஜூலை முதல் தேதி ஒரு கண்மாயில் மராமத்து தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை வரும். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

என்னென்ன வேலை?

அளவெடுக்க ஒரு வாரம். சீமைக் கருவேலம் வெட்ட இரண்டு வாரம். வண்டல் அள்ள ஐந்து வாரம். அள்ளிய மண்ணைக் கொண்டு கரையை உயர்த்த மூன்று வாரம். இவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். மொத்தம் 11 வாரம்.

இன்னொரு பக்கம் மடை வேலை. அளவெடுத்த பிறகு, மடைக்கு இரும்புக் கதவு செய்யப் பட்டறையில் சொல்ல வேண்டும். அது வர ஆறு வாரம். அதைப் பொருத்த ஒரு வாரம். அளவெடுத்த வாரத்தையும் சேர்த்தால் எட்டு வாரம். கதவு தயாராகும் நேரத்திலேயே பழைய மடையை இடித்துக் கட்டிவிடலாம்.

இப்போது பாருங்கள். கதவு மூன்று வாரம் தாமதமாக வந்தாலும் மொத்த வேலைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கருவேலம் வெட்டுவது ஒரு வாரம் தள்ளிப்போனால், கண்மாய் வேலை முழுவதும் ஒரு வாரம் தள்ளிப்போகும்!

ஆகவே மேற்பார்வை பார்ப்பவரின் கண் எங்கே இருக்க வேண்டும்? கதவு செய்யும் பட்டறையில் அல்ல. கருவேலங்காட்டில் இருக்க வேண்டும்.

எந்த வேலைகள் தாமதித்தால் எல்லாமே தாமதிக்குமோ, அந்த வேலைகளின் வரிசையைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படிப்பின் முதல் பாடம். ஆங்கிலத்தில் இதைக் "கிரிட்டிகல் பாத்" என்பார்கள். நாம் "உயிர்ப் பாதை" என்று சொல்லலாம்.

பத்து வேலை இருந்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பத்தாயிரம் வேலை இருந்தால்? அதற்குத்தான் படிப்பும் கம்ப்யூட்டரும்.

எங்கே பிறந்தது?

வேலைகளைக் கோடுகளாக வரைந்து, எது எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று காட்டும் அட்டவணையை அமெரிக்க என்ஜினீயர் ஹென்றி காண்ட் 1910-களில் பரப்பினார். இன்றும் அதற்குக் "காண்ட் சார்ட்" என்றே பெயர்.

1957-ல் அமெரிக்காவின் டூபான்ட் ரசாயனக் கம்பெனியில் உயிர்ப் பாதைக் கணக்கு உருவாயிற்று. மார்கன் வாக்கர், ஜேம்ஸ் கெல்லி என்ற இருவர் அதை வகுத்தார்கள். 1958-ல் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக "பெர்ட்" என்ற கணக்கைக் கொண்டுவந்தது. ஒரு வேலை எத்தனை நாளில் முடியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது எப்படித் திட்டமிடுவது என்று அது சொல்லிக்கொடுத்தது.

1969-ல் அமெரிக்காவில் இத்தொழிலுக்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. பி.எம்.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். 1984-ல் அது பி.எம்.பி. என்ற பரீட்சையைத் தொடங்கியது. இன்று உலகெங்கும் கம்பெனிகள் மதிக்கும் சான்றிதழ் அது. ஆனால் படித்தவுடனே அதை எழுத முடியாது. பட்டதாரியாக இருந்தாலும், திட்ட வேலைகளை நடத்திய மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். இந்த விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவோம்.

இதெல்லாம் அந்நிய நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். திருக்குறளின் அதிகாரங்களைப் புரட்டிப் பாருங்கள். தெரிந்து செயல்வகை, காலம் அறிதல், இடன் அறிதல், வினை செயல்வகை என்று வரிசையாக இருக்கின்றன. ஒரு காரியத்தில் இறங்குமுன் வரவு என்ன, செலவு என்ன, காலம் எது, இடம் எது, ஆள் யார் என்று பார்க்கச் சொல்லும் அதிகாரங்கள் அவை. நீர்பாய்ச்சியும் நாட்டாண்மையும் ஊர்க்கூட்டமும் சேர்ந்து குடிமராமத்து செய்த நாட்டில், இந்த வித்தை புதிது அல்ல. பட்டம்தான் புதிது.

நாற்பத்தாறு நாள்

பக்கத்துச் சீமையில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறோம்.

1964 டிசம்பரில் பெரும் புயல் வந்தது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் ரெயில் பாலத்தின் பெரும் பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. ராமேசுவரம் துண்டிக்கப்பட்டது.

பாலத்தைச் சீர்செய்ய ரெயில்வே நிர்வாகம் ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது இளைஞர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பெயர் ஸ்ரீதரன். கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர்.

அவர் என்ன செய்தார்? புது இரும்புத் தூலங்கள் வரும்வரை காத்திருக்கவில்லை. கடலில் விழுந்த தூலங்களைத் தேடி எடுத்தார்கள். அவற்றையே மறுபடி தூண்களின்மீது ஏற்றினார்கள். பாலம் 46 நாளில் தயாராயிற்று!

பிற்காலத்தில் கொங்கண் ரெயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டி முடித்தவர் அவர்தான்.

இந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. புதுத் தூலம் வருவதுதான் அங்கே உயிர்ப் பாதை. அந்தப் பாதையையே அவர் வெட்டி எறிந்துவிட்டார். வேலையின் எந்த இடத்தில் முடிச்சு இருக்கிறது என்று கண்டவர், அந்த முடிச்சை அவிழ்த்தார். அவர் எம்.பி.ஏ. படித்தவர் அல்ல, சிவில் என்ஜினீயர். வேலைத்தளத்தில் நின்று கற்றுக்கொண்டவர்.

அப்படியானால் பட்டம் எதற்கு என்று கேட்கலாம். எல்லாரும் ஸ்ரீதரன் ஆக முடியாது. ஒருவர் அனுபவத்தில் கண்டதை ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் கல்லூரி.

நம் வாசலில் நடந்தது, நடக்காதது

கமுதிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். 2016-ல் அங்கே பெரிய சூரிய மின் நிலையம் எழுந்தது. 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கர். ஏறக்குறைய 25 லட்சம் சூரியப் பலகைகள். தனியார் கம்பெனி ஒன்று இதை எட்டு மாதத்தில் கட்டி முடித்தது.

எட்டு மாதத்தில் 25 லட்சம் பலகை என்றால், ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல்! பலகை வரும் லாரி ஒரு நாள் நின்றால் ஆயிரக்கணக்கான ஆட்கள் சும்மா உட்கார வேண்டும். கம்பம் நடுபவன் பிந்தினால் பலகை மாட்டுபவனுக்கு வேலை இல்லை. இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த "யாரோ" படித்த படிப்புதான் இது.

இது நடந்தது. நடக்காததும் உண்டு.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் புது ரெயில் பாதை போட 2011-12 ரெயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு சிறு பகுதியில்தான் தண்டவாளம் போட்டார்கள். அனுமதி கிடைத்த ஆண்டில் பிறந்த குழந்தை உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டது. அருப்புக்கோட்டைக்காரர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

காவிரி - வைகை - குண்டாறு இணைப்பு இன்னொன்று. கரூர் மாவட்டம் மாயனூர்க் கதவணையிலிருந்து காவிரியின் வெள்ள நீரைக் கால்வாயில் கொண்டுவந்து, வைகையைக் கடந்து, குண்டாற்றில் சேர்க்கும் திட்டம். திருச்சுழியைத் தொட்டு ஓடும் நம் குண்டாறுதான் அது. மொத்தத் தூரம் சுமார் 262 கிலோ மீட்டர். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். 2021 பிப்ரவரி 21-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள்.

இந்தத் திட்டம் மூன்று கட்டம். காவிரியிலிருந்து தெற்கு வெள்ளாறு வரை சுமார் 118 கிலோ மீட்டர். வெள்ளாற்றிலிருந்து வைகை வரை சுமார் 109. வைகையிலிருந்து குண்டாறு வரை 34. கணக்கைப் பாருங்கள். நமக்கு வரும் கட்டம் மிகச் சிறியது, ஆனால் கடைசியானது. முன்னே உள்ள இரண்டும் முடிந்தால்தான் நமக்குத் தண்ணீர்.

ஏன் தாமதம்? கால்வாய் வெட்ட நிலம் வேண்டும். நிலம் பல ஆயிரம் பேர் கையில் இருக்கிறது. வழியில் சாலை உண்டு, ரெயில் பாதை உண்டு, ஓடை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு இலாகா. ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒரு அனுமதி. பக்கத்து மாநிலமான கர்நாடகம் ஆட்சேபித்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. மண் வெட்டும் எந்திரம் ஒரு நாளில் செய்வதைக் காகிதம் ஒரு வருஷம் நிறுத்திவைக்கிறது.

நிலம் எடுப்பது, அனுமதி வாங்குவது, ஊர் மக்களோடு பேசுவது, பணத்தை வேளைக்குக் கேட்டு வாங்குவது ஆகியவையும் திட்ட நிர்வாகப் பாடத்தில் உண்டு. சிமெண்டும் கம்பியும் மட்டும் பாடம் அல்ல. இவற்றைத் தெரிந்தவர்கள் நம் அரசாங்க இலாகாக்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

ஒரு திட்டம் ஒரு வருஷம் தாமதித்தால், விலைவாசி ஏற்றத்தில் செலவு கூடும் என்று மட்டும் பேசுகிறார்கள். கரிசல் காட்டில் அதற்கு வேறு விலை உண்டு. ஒரு வருஷம் தண்ணீர் வராவிட்டால் ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போய்விடும். அடுத்த வருஷம் தண்ணீர் வரும்போது, வயலில் கால் வைக்க ஆள் இருக்காது; கருவேலம்தான் இருக்கும்.

எங்கே படிப்பது?

இனி பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம்.

இப்படிப்பு இரண்டு வழியில் கிடைக்கிறது.

முதல் வழி எம்.இ., எம்.டெக். கட்டுமான நிர்வாகம் என்ற பெயரில் நடக்கிறது. சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிறது. பெரும்பாலும் சிவில் படித்தவர்களுக்கே இடம்.

இரண்டாவது வழி எம்.பி.ஏ. எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். பி.காம். படித்த பிள்ளைக்கும் வழி உண்டு. திட்ட நிர்வாகம் அதில் ஒரு பாடமாகவோ சிறப்புப் பிரிவாகவோ இருக்கும். இது தவிர, 1983-ல் ஏற்பட்ட நிக்மார் போல இத்துறைக்கென்றே நடக்கும் தனிக் கல்வி நிலையங்களும் உண்டு. அங்கே செலவு அதிகம்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர "டான்செட்" என்ற நுழைவுப் பரீட்சை நடக்கிறது. எம்.இ. சேர 2023 முதல் "சீட்டா" என்ற தனிப் பரீட்சை வந்திருக்கிறது. இரண்டையும் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர "கேட்" பரீட்சை எழுத வேண்டும்.

கேட் பரீட்சையில் ஒரு பெரிய நன்மை உண்டு. பல வீடுகளுக்கு இது தெரியாது. கேட்டில் தேறி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.இ., எம்.டெக். சேரும் மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். ஆம், படிக்கும் பிள்ளைக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறது! கடன் வாங்குவதற்கு முன் இந்தப் பரீட்சையை ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு தடவை வாங்கிய மார்க்கு மூன்று ஆண்டுக்குச் செல்லும்.

கடனில் கவனம்!

பரீட்சை எழுதாமலே இடம் தருகிறோம் என்று அழைப்பவர்களும் உண்டு. வெளிநாட்டில் ஒரே ஆண்டில் எம்.எஸ்சி. பட்டம் என்று விளம்பரம் வருகிறது. படிப்பு உண்மையானதுதான். பிரிட்டனில் பல நல்ல பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன. ஆனால் கணக்குப் பார்க்காமல் இறங்கக்கூடாது.

பத்து லட்ச ரூபாய் கடன் வாங்கினால் என்ன ஆகும்? வட்டி பத்தரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் ஓர் ஆண்டும், அதன்பின் விடும் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடும். இரண்டு ஆண்டில் 2 லட்சத்து 10 ஆயிரம் ஏறிவிடும். பிறகு பத்து ஆண்டில் கட்டுவதென்றால் மாதம் சுமார் 16,300 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏறக்குறைய 19½ லட்சம்!

முதல் வேலையில் மகன் வாங்கப்போகும் சம்பளம் என்ன? அதில் 16,300 போனால் மிச்சம் என்ன? இதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

"அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைப்பேன்" என்று பிள்ளை சொல்லும். பிரிட்டனில் படிப்பு முடிந்தபின் வேலை தேடித் தங்க இரண்டு ஆண்டு அனுமதி இருந்தது. அதை 18 மாதமாகக் குறைப்பதாக அந்நாட்டு அரசாங்கம் 2025-ல் அறிவித்தது. 2024 முதல், வகுப்பில் படித்துப் பெறும் முதுகலைப் பட்டத்துக்குப் போகிறவர்கள் மனைவி மக்களை உடன் அழைத்துப்போகவும் முடியாது. அந்நிய நாட்டுச் சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது. நம் கடன் பத்திரம் நம் கையில் இருக்கிறது.

உள்நாட்டில் படிப்பவர்களுக்குச் சில வசதிகள் உண்டு. 7½ லட்சம் ரூபாய் வரை படிப்புக் கடனுக்கு மத்திய அரசாங்கத்தின் உத்தரவாத நிதி இருக்கிறது. அந்த அளவுக்குள் நிலப்பத்திரத்தைக் கொடு என்று பாங்கி கேட்க வேண்டிய அவசியம் இல்லை. 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்ற திட்டமும் வந்தது. தேர்ந்தெடுத்த நல்ல கல்வி நிலையங்களில் இடம் கிடைத்தால், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு, 10 லட்சம் வரையுள்ள கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. வேறு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதவர்களுக்கே இது.

பாங்கியில் கேளுங்கள். எழுதி வாங்குங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.

கல்லூரியில் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பல்கலைக்கழகப் பட்டமா, டிப்ளமோவா? அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் உண்டா? போன வருஷம் படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டினால் போதாது. படித்த இரண்டு பேரிடம் நேரில் பேச வேண்டும்.

முதலில் செருப்பில் மண் ஒட்டட்டும்!

நம் கருத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறோம்.

கல்லூரியை முடித்த கையோடு இந்தப் படிப்புக்குப் போக வேண்டாம். இரண்டு ஆண்டாவது வேலைத்தளத்தில் நிற்க வேண்டும். சாலை போடும் இடத்தில் நிற்கலாம். வீடு கட்டும் இடத்தில் நிற்கலாம். குடிநீர்க் குழாய் பதிக்கும் இடத்தில் நிற்கலாம். சம்பளம் குறைவாக இருக்கும். பரவாயில்லை.

ஏன் சொல்கிறோம்? கொத்தனார் வராத நாளில் என்ன ஆகும் என்று பாடப் புத்தகத்தில் படித்தால் தெரியாது. ஜல்லி வண்டி வழியில் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும், சம்பளப் பட்டுவாடா ஒரு வாரம் பிந்தினால் எத்தனை ஆட்கள் குறைவார்கள் என்பதெல்லாம் நின்று பார்த்தவனுக்கே தெரியும். பார்த்தவன் வகுப்பில் உட்கார்ந்தால், ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் பச்சென்று பதியும். பார்க்காதவனுக்கு அது மனப்பாடம்.

பி.எம்.பி. பரீட்சைக்கு மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள் என்று முன்னே சொன்னோம் அல்லவா? காரணம் இதுதான். கம்பெனிகளும் அனுபவத்தோடு வரும் முதுகலைப் பட்டதாரியையே முதலில் கூப்பிடுகின்றன. வேலை பார்த்த இரண்டு ஆண்டில் கொஞ்சம் பணமும் சேரும். கடன் அளவு குறையும்.

இன்னொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இது ஊர் சுற்றும் உத்தியோகம். திட்டம் முடிந்தால் அந்த இடத்தில் வேலையும் முடிந்துவிடும். இந்த வருஷம் ஒடிசா என்றால் அடுத்த வருஷம் துபாய். ஒரே நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்து பென்ஷன் வாங்கும் வேலை அல்ல. அந்த மனம் உள்ள பிள்ளைக்கே இது பொருந்தும்.

பெண்களுக்கு ஏற்றதா?

"பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள்.

நூறு நாள் வேலையில் நம் கண்மாய்களில் மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் யார்? பெண்கள்தாம். மண்ணைச் சுமக்கப் பெண் வரலாம். மண்ணின் கணக்கை எழுதப் பெண் வரக்கூடாதா?

காஷ்மீரத்தில் செனாப் ஆற்றின்மீது உலகிலேயே உயரமான ரெயில் பாலம் கட்டினார்கள். 2025 ஜூன் 6-ந் தேதி திறந்தார்கள். பாறை சரியும் அந்த மலையில் அஸ்திவாரம் நிற்பதற்கு ஆலோசனை சொன்னவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியை மாதவி லதா. 17 ஆண்டுகள் அந்த வேலையோடு இருந்தார். அவர் ஆந்திரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர்.

கால அட்டவணை போடுவது, செலவுக் கணக்குப் பார்ப்பது, சாமான் வரவழைப்பது, தரம் சோதிப்பது ஆகிய எல்லாம் இந்தப் படிப்புக்குள் வரும் வேலைகள். மாசச் சம்பளத்தை மளிகை, பால், பள்ளிக்கூடம், மருந்து என்று பிரித்து முப்பதாம் தேதி வரை ஓட்டிக் காட்டும் தாய்க்குப் பிறந்த பெண்ணுக்கு, இந்தக் கணக்கு வராதா என்ன?

அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் சொன்னோம். அரசாங்கத்துக்கும் சொல்ல வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தை, முன்னேறத் துடிக்கும் மாவட்டங்களில் ஒன்றாக மத்திய அரசாங்கம் 2018-ல் தேர்ந்தெடுத்தது. 2022-ல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்டத்துக்குப் பெரிய ஜவுளிப் பூங்காவும் 2023-ல் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியங்கள். வரவேற்கிறோம்.

இவற்றைக் கட்டுவதற்கும் நடத்துவதற்கும் ஆள் வேண்டாமா? அந்த ஆள் எங்கிருந்தோதான் வர வேண்டுமா?

தெற்கு மாவட்டங்களில் உள்ள அரசாங்கக் கல்லூரி ஒன்றில் திட்ட நிர்வாக முதுகலை வகுப்பைத் தொடங்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும்படி மாலை வகுப்பாக இருக்க வேண்டும். பாடத்தை ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் விளக்க வேண்டும். ஓவர்சீயரும் மேஸ்திரியும் படிக்க ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பும் வேண்டும்.

ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு கண்மாயை ஒப்படைக்க வேண்டும். அளவெடுக்கட்டும். ஊராரோடு பேசட்டும். மதிப்பீடு போடட்டும். மழைக்கு முன் வேலையை முடித்துக் காட்டட்டும். கலிங்கில் தண்ணீர் விழுந்தால் பரீட்சையில் தேறினான்! அதைவிடப் பெரிய பரீட்சை எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

ஒரு வேலையும் செய்ய வேண்டும். ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் ஊர் எல்லையில் ஒரு பலகை வைக்க வேண்டும். தொடங்கிய தேதி, முடிய வேண்டிய தேதி, இதுவரை முடிந்த வேலை, தாமதத்துக்குக் காரணம் ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். மாதம் ஒரு முறை திருத்த வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவரும் படிக்கட்டும். கேள்வி கேட்கட்டும்.

முடிவாக

அருப்புக்கோட்டை வீதியில் பாவு ஓட்டுகிறவர்களைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு இழை அறுந்தால் உடனே நின்று முடிச்சுப் போடுகிறார்கள். அறுந்த இழையை விட்டுவிட்டு முன்னே போனால் சேலையில் கோடு விழும் என்று அவர்களுக்குத் தெரியும். திட்ட நிர்வாகம் என்பதும் அதுதான். இழை அறுந்த இடத்தை அன்றைக்கே கண்டுபிடிப்பது. அன்றைக்கே முடிச்சுப் போடுவது.

ஆகவே, பெற்றோர்களே! படிப்பு நல்ல படிப்பு. பயப்பட வேண்டாம். அதற்காக நிலத்தை விற்கவும் வேண்டாம்.

தம்பிமார்களே! தங்கைமார்களே! முதலில் வேலைக்குப் போங்கள். கேட் எழுதுங்கள். பிறகு படியுங்கள். படித்து முடித்துத் துபாய்க்குப் போனாலும் சரி, டெல்லிக்குப் போனாலும் சரி; கற்ற வித்தையில் ஒரு பங்கு இந்த மண்ணுக்குக் கடன் இருக்கிறது.

அடிக்கல் நாட்ட ஆயிரம் பேர் வருவார்கள். கட்டி முடிக்கத் தெரிந்தவர்கள்தான் கரிசல் காட்டுக்கு இன்றைக்கு வேண்டும்.